வெஸ்ட் வின்ட்சரில் கிடைத்த வில்வம்

அமெரிக்காவில் இறங்கிய உடனே எனக்குக் கைரேகை இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்துபோனது. கண்ணாடிப் பெட்டி மேல் நாலு விரலையும் வைக்கச் சொன்னார் அதிகாரி. வைத்தேன். பெட்டி எடுத்துக்கொள்ளவில்லை. கைக்குட்டையைக் காட்டி, "துடைச்சிட்டு இன்னொரு தடவை வை" என்று இங்கிலீஷும் சைகையுமாகச் சொன்னார். அதற்கும் எடுக்கவில்லை. பின்னால் நின்ற வரிசை முழுக்க என் கையையே பார்க்கிற மாதிரி இருந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்கள், அடுத்த விமானத்துக்கு யாரிடம் கேட்பது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். மூன்றாவது முறை பச்சை விளக்கு எரிந்தது.

பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை உடைக்கிற பெண்கள் பல பேருக்கு இந்தச் சங்கடம் உண்டு. கொட்டையின் ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்தைப் பொசுக்கும், கொப்புளம் வரும், தோல் உரியும். உரிந்து உரிந்து ரேகை தேய்ந்துவிடும். ரேஷன் கடை மிஷினும் என்னை இப்படித்தான் நிற்க வைக்கும். நான் ஏழாம் வகுப்போடு நின்று கொட்டை உடைக்கப் போனவள். என் தங்கை மலர்விழி நிற்கவில்லை. காலேஜ் போய், கம்ப்யூட்டர் படித்து, இப்போது நியூஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர் என்ற ஊரில் இருக்கிறாள். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ளத்தான் நான் போனேன்.

மலர் நன்றாகத்தான் இருந்தாள். கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, அவ்வளவுதான். வீட்டுக்குள் வந்ததும் முதலில் அவள் கையைத்தான் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான். அந்தக் கையில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. சின்ன வயதில் ஒரு தடவை கொட்டைக் குவியலில் கை வைக்க வந்தாள், ஓங்கித் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தக் கொட்டகைப் பக்கமே வந்ததில்லை. நான் வாழ்க்கையில் செய்து முடித்த காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்தக் கையைத்தான் காட்டுவேன்.

முதல் நாள் சமையலறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா முந்திரி இருந்தது. மூடியைத் திறந்து கொட்டிப் பார்த்தேன். முழுப் பருப்பு, வெள்ளை, ஒன்றுகூட உடையவில்லை. யார் கை உடைத்ததோ. மலரின் வீட்டுக்காரர் சிவக்குமார் அதை ரசத்துக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மலர் என்னை வீட்டைவிட்டு விரட்டினாள்.

"அக்கா, நீ எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தா எனக்கு ரெக்கவரே ஆகாது. நான் இருமினா எழுந்து நிக்கிற. ஒரு மணி நேரம் எங்கயாவது வாக் பண்ணிட்டு வா."

"எங்கடி போறது? எனக்கு என்ன வழி தெரியும்?"

"தெருக்கோடியில ப்ரிசர்வ் இருக்கு. நேரா போ, நேரா வா."

ப்ரிசர்வ் என்றால் காப்புக்காடு. பக்கத்திலேயே வீடுகள், பள்ளிக்கூடம், ரயிலைப் பிடிக்க ஓடுகிற கார்கள். நடுவில் ஒரு குளத்தையும் சதுப்பையும் சுற்றிக் காட்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். ஆடு மேய்க்க முடியாது, விறகு பொறுக்க முடியாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. எங்கள் ஊராக இருந்தால் மறுநாள் காலையில் அந்த இடத்தில் மரத்தூள்தான் இருக்கும்.

போவதற்கு முன்னால் சிவக்குமார் தம்பி ஒரு வகுப்பே எடுத்தார். புல்லில் உண்ணி இருக்கும், கடித்தால் காய்ச்சல் வரும், பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகுங்கள். கரடி வருமா என்று கேட்டேன். இந்தப் பக்கம் ரொம்ப ரேர் அக்கா என்றார். ரேர் என்றால் உண்டு என்றுதானே அர்த்தம்? மலரின் டிராக் பேன்ட், தடிமன் சாக்ஸ், இடுப்பில் மஞ்சள் பை, அதற்குள் பாஸ்போர்ட். மலரின் மகள் நித்யா, பத்தாவது படிக்கிறவள், வீட்டு விலாசத்தை இங்கிலீஷில் எழுதிப் பைக்குள் போட்டாள். திரும்பி வந்ததும் வாசலிலேயே நிறுத்தி என் கழுத்தையும் தலைமுடியையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பேன் பார்க்கிற மாதிரிதான்.

மே மாதம். மரங்களில் இலை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எல்லாம் கழுவி வைத்த மாதிரி ஒரே இளம்பச்சை. ஈரமான இடத்தில் முட்டைக்கோஸ் போல அகல இலைச் செடிகள். ஒன்றின் மேல் கால் உரசியதும் ஊசிப்போன நாற்றம் வந்தது. இன்னொரு செடி, முழங்கால் உயரம், குடை விரித்த மாதிரி கூட்டமாக நின்றது. குடைக்கு அடியில் குனிந்து பார்த்தால் வெள்ளைப் பூ ஒன்று ஒளிந்திருந்தது. குளத்தில் மிதந்த கட்டை மேல் ஆமைகள் வரிசையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்ப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தன. கரையில் நாரை ஒன்று. நம் ஊர் நாரையைவிடப் பெரிது, நிற்கிற நிதானம் மட்டும் அதே.

அந்த ஆமைகளை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். வயதான வெள்ளைக்காரர், துணித்தொப்பி, கழுத்தில் பைனாகுலர். கையில் சின்னதாக ஒரு கருவி. ஆமைக்கு ஒரு கிளிக். நான் கடந்து போனதும் ஒரு கிளிக் கேட்டது. என்னையும் எண்ணிவிட்டாரா என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை வாத்து துரத்தியது. வாத்து என்றால் நம் வாத்து இல்லை, கறுத்த நீளக் கழுத்து, ஆட்டுக்குட்டி உயரம். குஞ்சு பொரித்த நேரம் போலிருக்கிறது. மஞ்சள் பஞ்சு உருண்டைகள் ஏழெட்டு நடுப்பாதையில் போய்க்கொண்டிருந்தன. ஒதுங்கி நின்றேன். தாய் அப்படியும் கழுத்தைத் தரையோடு தாழ்த்தி, பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வந்தது. ஓடினேன். தொப்பிக்காரர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். தமிழில் என்றால், "அதுக்கு யாரையும் பிடிக்காது, நீங்க ஸ்பெஷல் இல்ல" என்று வரும் என, காதில் விழுந்ததை நான் அப்படியே சொல்லிக் காட்டியதும் நித்யா சொன்னாள்.

புதன்கிழமை வாத்துக்குப் பயந்து வேறு பாதையில் போனேன். அது வேறு வாசலில் கொண்டுபோய் விட்டது. பெரிய சாலை, நடைபாதை கிடையாது, கார்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகின்றன. ஓரமாக நடந்தேன். பத்து நிமிடத்தில் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. போலீஸ். இறங்கி வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு கையையும் தூக்கினேன். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை, விலாசச் சீட்டைப் படித்துவிட்டுக் காரின் பின் கதவைத் திறந்தார். குடிக்கத் தண்ணீர் பாட்டில் வேறு கொடுத்தார். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை போலீஸ் வண்டியில் வந்து இறங்கினால் அந்த வீட்டில் நிச்சயம் ஆன கல்யாணம் நின்றுபோகும். இங்கே எதிர்வீட்டுக்காரர் கை ஆட்டினார்.

மலர் ஜன்னலில் நின்று இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, சிரிக்க வெக்காத, தையல் பிரிஞ்சிடும்."

அந்த வார்த்தைக்குப் பயந்து நான் அன்று சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை பழைய பாதைக்கே போனேன். குளத்தைத் தாண்டி ஒரு பலகை நின்றது. அதுவரைக்கும் பார்த்தும் பார்க்காமல் போயிருக்கிறேன். அன்று நின்று பார்த்தேன். ஒரு காம்பில் மூன்று இலை வரைந்த படம், கீழே நிறைய எழுத்து. பலகைக்குப் பின்னால் மரத்தில் அதே இலை. நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, இளந்தளிர் செம்பு நிறத்தில் எண்ணெய் தடவின மாதிரி பளபளத்தது.

வில்வம்.

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பலகை வைத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள் என்றால் இவர்களும் விசேஷமான மரம் என்று மரியாதை செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். போனில் பலகையைப் படம் பிடித்தேன். சனிக்கிழமை சனிப் பிரதோஷம். மலரும் அவள் சிநேகிதிகளும் மாதாமாதம் ஒவ்வொரு வீட்டில் பூஜை செய்வார்கள். மலர் வெளியே போக முடியாது என்பதால் இந்தத் தடவை அவள் வீட்டில். இங்கே வில்வம் கிடைக்காது என்று வெள்ளியில் செய்த இலை ஒன்றை வைத்துத் திரும்பத் திரும்ப அர்ச்சனை செய்கிறார்களாம். தங்கை வீட்டில் வந்ததிலிருந்து நான் சாப்பிட்ட தட்டைத் துணி துவைக்கிற மிஷினில் போட்டதையும் போலீஸ் வண்டியில் வந்ததையும் தவிர ஒன்றும் செய்யவில்லை. இதைச் செய்யலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனேன். திங்கள், சதுர்த்தி, அஷ்டமி, நவமி, அமாவாசை, பௌர்ணமியில் வில்வம் பறிக்கக் கூடாது. வெள்ளி துவாதசி, பாதகமில்லை, பார்த்துக்கொண்டேன். கிட்டே போனதும் இரண்டு விஷயம் இடித்தது. முள் இல்லை. அப்புறம் இது மரமே இல்லை, மரத்தில் ஏறியிருந்த கொடி. ஆனால் இந்த நாட்டில் நாய் சட்டை போட்டுக்கொண்டு போகிறது, வில்வம் கொடியாகப் படரக் கூடாதா? எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு அன்றைக்கு மட்டும் பயம் வரவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தளிராகப் பார்த்து, காம்போடு பறித்து ஜிப் கவரில் போட்டேன்.

அப்போது குளத்துக்கு அந்தப் பக்கமிருந்து தொப்பிக்காரர் கத்தினார். "நோ! நோ!" இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். காப்புக்காட்டில் இலை பறிப்பது குற்றம், அதுதான் கத்துகிறார் என்று நினைத்தேன். நேற்று முன்தினம் வந்த போலீஸ் பையன் இன்றைக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டான். கவரைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். கத்தியதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

மலர் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அக்கா, இத்தினி வருஷமா நான் இங்க இருக்கேன், என் கண்ணுல படலையே!" சிவக்குமார் தம்பி கவரைப் படம் எடுத்து வாட்ஸாப் குரூப்பில் போட்டார். பதிலுக்குக் கும்பிடுகிற கைகளாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஃப்ரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் வில்வம் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மாடியில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே மணிக்கட்டு அரித்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். வளையலைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். ரத்தச் சிவப்பில் ஒரு கோடு, கோட்டின் மேல் கடுகு கடுகாக நீர்க் கொப்புளம். கவரை ஒளித்த இடத்தில் வயிற்றிலும் அரிப்பு.

இந்த அரிப்பை எனக்குத் தெரியும். வேறு எந்த அரிப்பும் இப்படி இருக்காது. முதலில் நமைச்சல், அப்புறம் சூடு, அப்புறம் கோடு போட்டுக் கொப்புளம். கொட்டை உடைக்கப் போன முதல் மாதம் முழுக்க இதோடுதான் தூங்கினேன். விளக்கெண்ணெய் தடவிக்கொள்ளவும் கையில் சாம்பல் பூசிக்கொள்ளவும் அதற்குப் பிறகுதான் சொல்லிக் கொடுத்தார்கள். முந்திரி மரமே இல்லாத ஊரில் முந்திரி ஓட்டு எண்ணெய் என் கைக்கு எப்படி வந்தது? நான் என்ன தொட்டேன்?

படியில் இறங்கியது ஞாபகம் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் மலர் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தாம்பாளம், அதில் பாதி இலை. ஒவ்வொன்றாக எடுத்து, காம்பு கிள்ளி, நல்லது கெட்டது பிரித்துக்கொண்டிருந்தாள். வெறும் கை.

"வா, நூல் எடுத்துத் தா. சின்ன மாலையாவே கட்டிடலாம்—"

ஓங்கித் தட்டிவிட்டேன். இலை தரையில் சிதறியது. மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நாற்பத்து நாலு வயதுப் பொம்பளை, எட்டு வயதில் பார்த்த அதே பார்வை.

"என்னாக்கா?"

"அது வில்வம் இல்லடி. எந்திரி. எதையும் தொடாத. மூஞ்சில கை வெக்காத."

நித்யா சத்தம் கேட்டு வந்தாள். என் போனில் இருந்த பலகைப் படத்தைக் காட்டினேன். படித்தாள். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "பெரியம்மா, இது பாய்சன் ஐவி, விஷக் கொடி. 'தொடாதீர்கள்'னு போட்டிருக்கு. இவ்ளோ பெரிய எழுத்துல போட்டிருக்கு." பிறகு தமிழிலேயே, "மூணு இலை இருந்தா தள்ளிப் போன்னு கிண்டர்கார்டன்லயே சொல்லிக் குடுப்பாங்க" என்றாள்.

நான் கிண்டர்கார்டன் படிக்கவில்லை. மூன்று இலை என்றால் கிட்டே போ என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி, குழாய்த் தண்ணீரில், மலரின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினேன். சூடு தண்ணீர் கூடாது, தேய்க்கக் கூடாது, எண்ணெயை வழித்து விட வேண்டும், நகக்கண்ணில் விடக் கூடாது. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து விரலையும் கழுவி, திரும்பவும் முதல் விரலில் ஆரம்பித்தேன். "போதும்க்கா" என்றாள். நிறுத்தவில்லை.

ஐந்து மணிக்கு ஆட்கள் வருவார்கள். சிவக்குமார் தம்பி, "இலை வாடிப்போச்சுன்னு சொல்லிடலாம்க்கா, உங்களுக்கு ஏன் சங்கடம்?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் இந்த இலை இந்த ஊரில் எல்லாக் காட்டிலும் இருக்கும், படம் பார்த்தவர்கள் நாளைக்கே பறிக்கப் போவார்கள். குரூப்பில் நானே பேசி அனுப்பினேன். "நான் கொண்டாந்தது விஷம். எனக்குக் கை வெந்துபோச்சு. யாரும் பறிக்காதீங்க."

வந்தவர்கள் வெள்ளி இலையை வைத்து அர்ச்சனை செய்தார்கள். சுதா என்கிற பெண், மலரோடு ஆபீசில் வேலை பார்க்கிறவள், சுண்டலை மென்றுகொண்டே கணக்குப் போட்டாள். "அக்கா, பூஜை முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு இலை பிரசாதம்னு வாயில போட்டிருப்போம். மொத்த குரூப்பும் எமர்ஜென்சியில ஒண்ணா பஜனை பாடியிருக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண் மலரின் கையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நித்யாவைக் கூட்டிக்கொண்டு ப்ரிசர்வுக்குப் போனேன். தொப்பிக்காரர் என் மணிக்கட்டைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "நான் கத்தினேனே, ஏன் ஓடினீங்க?" என்றார். போலீஸுக்குப் பயந்து ஓடினேன் என்று நான் சொன்னதை நித்யா இங்கிலீஷில் சொன்னாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் முழங்கையைக் காட்டினார். பழைய தழும்பு, புதுத் தழும்பு. இந்தக் கொடியை மான் சாப்பிடும், காயைப் பறவைகள் தின்னும், ஒன்றும் ஆகாது, மனிதர்களோடுதான் அதற்குச் சண்டை என்றார். முந்திரியும் மாங்காயும் அதற்குச் சொந்தக்கார ஜாதி என்றும் சொன்னார். "அது அவங்களுக்குத் தெரியும்" என்றாள் நித்யா, எனக்கு மொழிபெயர்ப்பதற்கு முன்னாலேயே.

உங்கள் தங்கைக்கு வரலாம், வராமலும் போகலாம், முதல் தடவை தொடுகிறவர்களுக்குச் சில சமயம் ஒரு வாரம் கழித்துக்கூடக் கிளம்பும் என்றும் அவர்தான் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு காடு என் கண்ணில் சரியாகப் படவில்லை. குடைச் செடியின் வெள்ளைப் பூ உதிர்ந்து சின்னதாகப் பச்சைக் காய் வந்திருந்தது. வாத்துக் குஞ்சுகளுக்கு மஞ்சள் மங்கிக் கழுத்து நீள ஆரம்பித்திருந்தது. போவேன், பார்ப்பேன், அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, "கையைக் காட்டு" என்பேன்.

"நேத்து ராத்திரிதான் காட்டினேன்."

"காட்டு."

மருந்துக் கடையில் வாங்கிய ரோஸ் கலர் மருந்தை மலர் என் கைக்கும் வயிற்றுக்கும் பஞ்சால் தடவிவிடுவாள். பார்த்துக்கொள்ள வந்தவளை நோயாளி பார்த்துக்கொண்டாள். செவ்வாய் அவள் கையில் ஒன்றும் இல்லை. வியாழன் இல்லை. சனிக்கிழமையோடு ஒரு வாரம். இல்லை. அன்று பாயசம் வைத்தேன், அந்த டப்பா முந்திரியை நெய்யில் வறுத்துப் போட்டு.

திங்கட்கிழமையிலிருந்து மலர் வீட்டிலிருந்தே பாதி நேரம் ஆபீஸ் வேலையை ஆரம்பித்தாள். காலையில் நான் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான், விரல் வைத்தால் ரேகை பார்த்துத் திறந்துகொள்ளும். மலர் வலதுகை ஆள்காட்டி விரலை வைத்தாள். எடுத்தாள். வைத்தாள். பிறகு விரலைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அக்கா."

குரலிலேயே தெரிந்துவிட்டது. கிட்டே போனேன். விரல் நுனியின் ஓரத்தில், காம்பு கிள்ளிய இடத்தில், மூன்று கொப்புளம். கடுகு கடுகாக. அரிக்கிறது என்று அதிகாலையிலேயே என் மருந்தை எடுத்துத் தடவியிருக்கிறாள். அது காய்ந்து ரோஸ் கலரில் வெடித்திருந்தது.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வருத்தப்படுவாள், அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று ஒன்பது நாளாக யோசித்து வைத்த எதையும் அவள் செய்யவில்லை. விரலை இன்னொரு தடவை பொத்தானில் வைத்தாள். லேப்டாப் திறக்கவில்லை.

"நான் யாருன்னு அதுக்குத் தெரியலியாம்க்கா" என்றாள். வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

முந்தானையை எடுத்து அந்த விரலில் ஒட்டியிருந்த மருந்தை மெதுவாக ஒற்றி எடுத்தேன்.

"துடைச்சிட்டேன். இன்னொரு தடவை வை" என்றேன்.